அண்ணனைச் சுற்றிப் பதினாலு பேர்

— பதினோரு பேர் ஆடுற ஃபுட்பாலுக்குப் பதினாலு கோச். பேப்பர்ல கேலிப்படமே போட்டுட்டாங்க, தம்பி. மைதானம் பூரா கோச்சுங்க நிக்கிறாங்க, இடமில்லாம ஆட்டக்காரங்க வேலிக்கு வெளியில நின்னு எட்டிப் பார்க்குறாங்க.

— பார்த்தேன் அண்ணி. என் மூக்கை மட்டும் கொஞ்சம் பெருசாப் போட்டுட்டான்.

— சிரிக்காதீங்க. நான் சிரிக்கிறதுக்காக வரலை.

— 'நீங்க'ன்னு சொல்றீங்க. அப்போ கோவம் பெருசுதான். அந்த நாற்காலி வேணாம் அண்ணி, ஈரத் துண்டு கிடக்கு. இப்படி உக்காருங்க.

— நிக்கிறேன். உங்க அண்ணன் எங்கே?

— பக்கத்து ரூம்ல. போன ஆட்டத்தோட வீடியோ ஓடுது. முடிச்சுட்டுத்தான் வருவார். நீங்கதான் இன்னைக்கு சீக்கிரம் வந்துட்டீங்க.

— அவரைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட தனியாப் பேசணும்னுதான் சீக்கிரம் வந்தேன். வாசல்ல க்ளப் மேனேஜர் மேடம் காரு நிக்குது, என்ன விஷயம்?

— வந்தாச்சா? சாயங்காலம் என்னைப் பார்க்க வரேன்னு சொல்லியிருந்தாங்க. கோச்சுங்களைக் குறைக்கணுமாம். நாலு பேரை வச்சுக்கிட்டு மிச்சப் பத்து பேரையும் அனுப்பணும். யாரை வச்சுக்கறது, யாரை அனுப்பறதுன்னு துணை கோச்சு நான்தான் சொல்லணும்.

— அனுப்பிடுங்க.

— அண்ணி.

— என்ன அண்ணி? அதைச் சொல்லத்தான் நானும் வந்தேன். எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல உங்க அண்ணன் டீமை எத்தனை பேர் வச்சு நடத்தினார்? அவரு, ஸ்கூல் விட்டதும் ஓடி வர்ற நீங்க, பந்துக்குக் காத்தடிக்கிற அந்த சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர். மூணே பேர். கப்பு வாங்கலையா?

— அப்போ ஆட்டம் வேற அண்ணி. இப்போ சின்ன க்ளப்லயே எட்டு பேர், ஒன்பது பேர் இருக்காங்க. பெரிய க்ளப்னா கேக்கவே வேணாம், சாப்பாட்டுக்கு ஒரு ஆள், தூக்கத்துக்கு ஒரு ஆள்.

— இருக்கட்டும். கோல்கீப்பருக்கு ஒரு கோச், சரி. உடம்பைப் பார்க்க ஒருத்தர், அதுவும் சரி. கார்னர் கிக்குக்குன்னே ஒரு கோச்சு எதுக்கு? ஆளை மாத்தறதுக்கு ஒருத்தர். இடைவேளையில பேசறதுக்கு ஒருத்தர். பேப்பர்காரங்களுக்குப் பதில் சொல்ல ஒருத்தர். ஸ்டேடியம் மாடியில உக்காந்து ஹெட்ஃபோன்ல உங்க காதுக்குள்ள குசுகுசுன்னு பேசறதுக்கு ஒருத்தர். அப்போ உங்க அண்ணன் அங்கே என்ன வேலைதான் பார்க்குறாரு, சொல்லுங்க பார்ப்போம்.

— அவரு தலைமை கோச்சு அண்ணி.

— பேருக்கு. ஊர்ல என்ன பேசறாங்கன்னு நான் சொல்றேன், கேளுங்க. அண்ணன் கையில இருந்த வேலையை ஒண்ணொண்ணா உருவி, தம்பி தன்னோட ஆளுங்களுக்குக் குடுத்துட்டு வரானாம். எல்லாரும் நீங்க கூட்டிட்டு வந்தவங்களாம். ஒரு நாள் நாற்காலியை நகர்த்திப் போட்டு நீங்க உக்காந்தா, ஏன்னு கேக்க ஒரு ஆள் இருக்க மாட்டாங்களாம்.

— நீங்க அதை நம்புறீங்களா?

— நம்பலைன்னா இங்கே வந்திருக்க மாட்டேன். முழுசா நம்பியிருந்தா கையில டிஃபன் டப்பாவோட வந்திருக்க மாட்டேன்.

— என்ன கொண்டு வந்திருக்கீங்க?

— அதை அப்புறம் பார்க்கலாம். போன வருஷம் வேற க்ளப்ல உங்களையே தலைமை கோச்சா கூப்பிட்டாங்க. சொந்த டீம், சொந்தப் பேரு. போகலை. எந்தப் பைத்தியக்காரன் அதை வேணாம்பான்? இங்கே இதைவிடப் பெருசா ஏதோ கிடைக்கப் போகுதுன்னுதானே அர்த்தம்?

— அண்ணி, நீங்க நின்னுக்கிட்டிருந்தா நான் சொல்ல மாட்டேன். உக்காருங்க.

— உக்காந்துட்டேன். சொல்லுங்க.

— அந்தப் பதினாலு பேரும் ஒரே நாள்ல வரலை. ஒருத்தர் ஒருத்தரா வந்தாங்க. ஒவ்வொருத்தரும் வர்றதுக்கு முந்தின வாரம் ஒண்ணு நடந்துச்சு. ஆளை மாத்தறதைப் பார்க்க ஒருத்தரைப் போட்டோமே, அதுக்கு முந்தின ஆட்டத்துல அண்ணன் நம்ம எட்டாம் நம்பர் பையனை வெளியில எடுத்தாரு. கொஞ்ச நேரம் ஆச்சு. மறுபடி என்கிட்ட திரும்பி, அந்த எட்டாம் நம்பரை எடுத்துடு, ஓட மாட்டேங்குறான்னாரு. பையன் எனக்கு ரெண்டு ஆள் தள்ளி பெஞ்சுல உக்காந்து தண்ணி குடிச்சுட்டிருக்கான்.

— அது அசதி. அந்த மாசம் அவருக்கு சளிக் காய்ச்சல் கூட இருந்துச்சு.

— நானும் அசதின்னுதான் நினைச்சேன். அடுத்து இடைவேளைப் பேச்சு. உள்ளே போனோம். பசங்க மூச்சு வாங்கிட்டு உக்காந்திருக்காங்க. அண்ணன் போர்டுல படம் போட்டு அழகா விளக்கறாரு. எதிர் டீம்ல இடது பக்கம் வர்றவன் யாரு, அவனை எங்கே மடக்கணும், எல்லாம் சொல்றாரு. ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனா அவரு சொன்னது போன வாரம் ஆடின டீமைப் பத்தி.

— பசங்க என்ன பண்ணாங்க?

— ஒருத்தன் சிரிச்சான். அண்ணன் ஜோக் அடிக்கிறார்னு நினைச்சு. கேப்டன் அவனை ஒரு பார்வை பார்த்தான், அப்புறம் ஒருத்தனும் சிரிக்கலை. அடுத்த வாரம் இடைவேளைக்குன்னு ஒருத்தரைக் கொண்டு வந்தேன். அவரு பேசுவாரு, அண்ணன் மூலையில கையைக் கட்டிட்டு நிப்பாரு, கடைசியில போய் ஒவ்வொருத்தன் முதுகுலயும் ஒரு தட்டு தட்டுவாரு. 'வயசு ஏற ஏற அமைதியாகிட்டே வர்ற ஆசான்'னு பேப்பர்ல எழுதினான், ஞாபகம் இருக்கா?

— அதை நான் அவருக்கு வாசிச்சுக் காட்டினேன்.

— பிராக்டீஸ் சட்டையில நெஞ்சுலயும் முதுகுலயும் பேரு எழுதணும்னு சட்டம் போட்டேன். ஒழுக்கம்னு சொன்னேன். பசங்க முணுமுணுத்தாங்க, நாங்க என்ன ஸ்கூல் பிள்ளைங்களான்னு. என்ன பண்றது, அவருக்கு யாரு யாருன்னு படிச்சாத்தான் தெரியுது.

— தம்பி.

— இன்னும் இருக்கு அண்ணி. கொக்கு தெரியுமில்ல உங்களுக்கு? நம்ம பழைய டீம்ல நெட்டையா ஒருத்தன் ஆடுவானே.

— அவன் இப்போ பெயின்ட்டுக் கடை வச்சிருக்கான். வீட்டுக்குப் பெயின்ட்டு அவன்கிட்டதான் வாங்கினோம்.

— அவனேதான். போன சீசன்ல ஒரு ஆட்டம். கார்னர் நமக்கு. அண்ணன் எல்லைக் கோட்டு ஓரத்துல நின்னு, 'கொக்கு, கிட்டக்க வா, கொக்கு, கிட்டக்க வா'ன்னு கத்துறாரு. ஸ்டேடியம் முழுக்கக் கேக்குது. டி.வி. கேமரா அவரு மூஞ்சியில நிக்குது. பசங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்குறாங்க. மறுநாளே இந்தக் கார்னர் கோச்சை வரவழைச்சோம். அவரு முதல் வேலையா என்ன பண்ணாரு தெரியுமா? கார்னரைத் தூக்கி அடிக்காம பக்கத்துல நிக்கிறவனுக்குத் தட்டி விடற ஒரு முறைக்கு 'கொக்கு'ன்னு பேரு வச்சாரு. பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரு. இனிமே அண்ணன் கொக்குன்னு கத்தினா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

— அதுலதானே அந்த அரையிறுதி கோல்.

— அதுலயேதான். டி.வி.யில ஒருத்தர் அரை மணி நேரம் கோடு போட்டு விளக்கினாரு, என்ன ஒரு மூளைன்னு. நான் கழிப்பறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன் அண்ணி. சிரிப்பு வந்துச்சா அழுகை வந்துச்சான்னு எனக்கே தெரியாது.

— போதும். நிறுத்து.

— உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். ஆனா தெரிஞ்சுக்கணும். நீங்க இந்த விஷயத்தை முதல் தடவையாக் கேக்குறீங்க, அதனால—

— முதல் தடவையா? நான் எதுக்குத் தினம் வண்டி எடுத்துட்டு வந்து அவரைக் கூட்டிட்டுப் போறேன்னு நினைச்சே?

— பசங்க சொல்வாங்க. கோச்சுக்கு இந்த வயசுலதான் காதல் கல்யாணம் நடந்திருக்குன்னு.

— நல்லா சொன்னாங்க. ஒரு நாள் அவரு இங்கேருந்து தானா வண்டி ஓட்டிட்டுப் போனாரு. வீட்டுக்கு வரலை. நாம முன்னாடி வாடகைக்கு இருந்தோமே, மாடிப்படிக்குக் கீழே குழாய் இருக்கும், அந்த வீட்டு வாசல்ல போய் நின்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்காரு. அங்கே இப்போ வேற குடும்பம். கதவைத் திறந்த பொண்ணைப் பார்த்து, என் வீட்ல நீ யாரும்மான்னு சத்தம் போட்டிருக்காரு. நல்ல வேளை, அது பேப்பர்ல இவரைப் பார்த்த பொண்ணு. உள்ளே உக்கார வச்சு, தண்ணி குடுத்து, எப்படியோ நம்பர் தேடி எனக்கு ஃபோன் பண்ணிச்சு. நான் போனப்போ இவரு அந்த வீட்டுக் குழந்தைக்கு ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருந்தாரு. சாதாரணமா.

— எப்போ?

— எப்போன்னா என்ன? உன் பதினாலு பேர்ல பாதிப் பேர் வர்றதுக்கு முன்னாடி. அன்னைக்கே சாவியை வாங்கி வச்சுட்டேன். பெரியவளுக்கும் சொல்லி வச்சிருக்கேன். ஹாஸ்டல்லேருந்து வந்தா வாசல்லயே, 'அப்பா, நான் உங்க பெரிய பொண்ணு வந்திருக்கேன்'னு சொல்லிக்கிட்டேதான் உள்ளே வரும். விளையாட்டு மாதிரி ஆக்கிட்டோம். அவரும், 'வாங்க பெரிய பொண்ணு'ம்பாரு. அடுப்பை நான் இல்லாதப்போ தொட விடறதில்லை. டாக்டர்கிட்டேயும் காட்டியாச்சு. வியாதிக்கு ஒரு பேரு சொன்னாரு. அந்தப் பேரை எங்க வீட்டுக்குள்ள நாங்க யாரும் சொல்றதில்லை.

— ஏன் அண்ணி எனக்குச் சொல்லலை?

— நீ எனக்குச் சொன்னியா?

— நீங்க ஃபோன் எடுத்தா சிரிச்சுப் பேசுவீங்க. வீட்ல அவரு நல்லா இருக்காரு, இங்கே வேலைப் பளுவுலதான் இப்படி ஆகுதுன்னு நினைச்சேன். வீட்டு நிம்மதியைக் கெடுக்க வேணாம்னுதான்.

— நான் இங்கே நல்லா இருக்காருன்னு நினைச்சேன்டா. பேப்பர்ல அப்படித்தானே வருது. அமைதியான ஆசான், என்ன ஒரு மூளை. வீட்ல என்ன ஆனாலும், அந்த மைதானத்துல போய் நின்னா மனுஷன் முழுசா ஆயிடறார்னு நம்பித்தான் தினம் காலையில தலை வாரி விட்டு அனுப்பினேன். இப்போதான் தெரியுது, உன் பொய்யைப் படிச்சு நான் தைரியமா இருந்தேன், என் பொய்யைக் கேட்டு நீ தைரியமா இருந்தே.

— அண்ணி, அழாதீங்க.

— அழலை. கணக்குப் போடறேன். பதினாலு இல்லை. என்னைச் சேர்த்துப் பதினஞ்சு. இன்னும் என்ன கோச்சுன்னுதான் பேரு வைக்கலை.

— அவரு சட்டைப் பொத்தானை சரியாப் போட்டு அனுப்புற கோச்சு.

— போடா. அந்தப் பதினாலு பேருக்கும் தெரியுமா?

— தெரியும். அத்தனை பேருக்கும். வந்த அன்னைக்கே உக்கார வச்சு சொல்லிட்டுத்தான் வேலை குடுத்தேன். அதான் நான் கூட்டிட்டு வந்தவங்களா இருக்காங்க. வெளியாளுக்குச் சொல்ல முடியாதே. ஒருத்தரும் வீட்ல பொண்டாட்டிகிட்ட கூடப் பேசலை. ஃபிட்னஸ் கோச்சு இருக்காரே, குண்டூசி விழுந்தா ஊருக்கே சொல்ற ஆளு. அவரு கூட.

— என்னையும் ஊர்ல பேசறவங்களோட சேர்த்துக் கேவலமாப் பேச வச்சுட்டியே. நீ நாற்காலிக்கு ஆசைப்படறேன்னு சொன்னேனே, மனசுல வச்சுக்காதே.

— டப்பாவைத் திறந்தா மறந்துடறேன்.

— இந்தா. எலுமிச்சம் சாதம். உப்பு போட்டேனா போடலையான்னு எனக்கே சந்தேகம். இப்போல்லாம் எதைச் செஞ்சாலும் ரெண்டு தடவை யோசிக்க வேண்டியிருக்கு, அவருக்கு வந்தது எனக்கும் வந்துடுமோன்னு.

— உப்பு ரெண்டு தடவை போட்டிருக்கீங்க.

— சாப்பிடு பேசாம. இப்போ என்ன பண்ணப் போறே? மேடம் வந்தா என்ன சொல்லுவே?

— அதான் தெரியலை. நாலே பேரை வச்சுக்கிட்டு மறைக்க முடியாது அண்ணி. ஒரு ஆட்டம் தாங்காது. பெஞ்சுல அவருக்கு இடது பக்கம் நான், வலது பக்கம் ஆளை மாத்தறவரு, பின்னாடி கார்னர் கோச்சு. மாடியில இருக்கிறவரு என் காதுல சொல்றதை நான் அவரு காதுல சொல்வேன். அதுல ஒரு கண்ணி அறுந்தாலும் தெரிஞ்சு போயிடும். சனிக்கிழமை ஸ்டேடியம் ரொம்பி வழியும். அத்தனை பேர் முன்னாடி இவரு கோட்டுக்கிட்ட போய் நின்னு, எங்கே இருக்கோம்னு தெரியாம முழிக்கிறதை நான் பார்க்க மாட்டேன்.

— அப்போ மேடம்கிட்ட உண்மையைச் சொல்லிடு. நான் இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன். நாளைக்கு அனுப்ப மாட்டேன்.

— சொல்லிட்டா அத்தோட முடிஞ்சுதுன்னு நினைக்கிறீங்களா? இந்தத் தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு அண்ணி. தலைமை கோச்சு போனா, அவரோட வந்தவங்க எல்லாரும் அன்னைக்கே பெட்டியைக் கட்டணும். ஜெயிச்சாலும் தோத்தாலும் அதான். புதுசா வர்றவரு தன்னோட ஆளுங்களைக் கூட்டிட்டு வருவாரு. சீசன் நடுவுல இந்தப் பதினாலு பேருக்கும் எவன் வேலை குடுப்பான்? கோல்கீப்பர் கோச்சு வீட்ல இப்போதான் ரெட்டைப் பிள்ளைங்க பிறந்திருக்கு. நல்ல இடத்தையெல்லாம் விட்டுட்டு, எங்க அண்ணனுக்காகன்னு நான் கூப்பிட்டதும் வந்தவங்க.

— எல்லார் குடும்பத்தையும் நினைக்கிறே. உன் குடும்பம்? உன் பொண்டாட்டி என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? ராத்திரி தூக்கத்துல கூட நம்பரைச் சொல்லி உளர்றாரு அக்கான்னா. பதினோராம் நம்பர், ஏழாம் நம்பர்னு.

— அண்ணனுக்காக மனப்பாடம் பண்றேன் அண்ணி. இன்னொண்ணும் இருக்கு. அவரு முழுசாப் போயிடலை. அந்தக் கண்ணு மட்டும் போகலை. போன ஆட்டத்துல திடீர்னு என் முழங்கால்ல கையை வச்சு, 'அந்த மூணாம் நம்பர் இடது காலை ஊனாம ஓடறான், கவனி'ன்னாரு. வீடியோ பார்க்குறவருக்குத் தெரியலை, உடம்பைப் பார்க்குறவருக்குத் தெரியலை. வெளியில எடுத்துப் பார்த்தா தசை கிழிஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடியிருந்தா அந்தப் பையனோட ஆட்டமே முடிஞ்சிருக்கும். பேரு தெரியாது, ஸ்கோர் தெரியாது, எந்த ஊர்ல ஆடறோம்னு கூடத் தெரியாது. ஆனா வலியோட ஓடறவனைத் தெரியுது.

— உன்னைத் தெரியுதா?

— என்னையா?

— ஆமா. என்னை இன்னும் தெரியுது. சில நாள் காலையில கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனா தெரிஞ்சுடும். உன்னை?

— மத்த எல்லாரையும் 'மாஸ்டர்'னுதான் கூப்பிடறாரு. கோல்கீப்பர் கோச்சும் மாஸ்டர், கேட்டுல நிக்கிற வாட்ச்மேனும் மாஸ்டர். பேரு ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்லையே. எல்லாருக்கும் 'நீங்க', 'வாங்க'தான். பசங்க அதைப் பெரிய மரியாதைன்னு நினைச்சு உருகுறாங்க. என்னை மட்டும் இன்னும் 'டேய் சின்னவனே'தான். காலையில உள்ளே வந்ததும் அந்தக் குரல் கேக்கணும் எனக்கு. அது வரைக்கும் காபி கூட இறங்காது. என்னைத் திட்டணும், 'டா' போட்டுக் கூப்பிடணும். அது இருக்கிற வரைக்கும் நான் எந்த க்ளப்புக்கும் போக மாட்டேன் அண்ணி.

— இன்னைக்குக் கூப்பிட்டாரா?

— இன்னைக்கு நான் நேரா கிரவுண்டுக்குப் போயிட்டேன். அவரு காலையிலேருந்து வீடியோ ரூம்லயே இருக்காரு. இன்னும் பார்க்கலை.

— அதான் மூஞ்சி இப்படி இருக்கா. சரி, நான் ஒண்ணு சொல்றேன், கேளு. சனிக்கிழமை ஆடறதே அவருக்குக் கடைசி ஆட்டமா இருக்கட்டும். பதினாலு பேரும் சுத்தி நில்லுங்க. முடிஞ்சதும் அவரு நடுமைதானத்துக்குப் போய்க் கையை ஆட்டிட்டு, தானா நடந்து வெளியில வரணும். அப்படித்தான் என் புருஷன் எனக்கு வேணும். மேடம்கிட்ட அதை மட்டும் கேளு. மத்தவங்க வேலைக்கு என்ன வழின்னு அப்புறம் பார்க்கலாம்.

— அவருகிட்ட யாரு சொல்றது? நீங்க சொல்லுங்க. வீட்ல, மெதுவா.

— நான் எப்படிடா சொல்லுவேன்? நீ சொல்லு. ஆட்டத்துப் பாஷையில சொன்னா ஏத்துக்குவாரு.

— எனக்கு நாக்கு வராது அண்ணி. அவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. தான் நல்லாத்தான் இருக்கோம்னு நம்பிட்டிருக்காரு. அதை உடைக்கிறது நானா இருக்கக் கூடாது.

— இரு. அது என்ன காரு சத்தம்?

— மேடம் காருதான். கிளம்பிப் போறாங்க. என்னைப் பார்க்காமலே போறாங்களே.

— உன்கிட்ட பேசத்தானே வந்தாங்க?

— அப்படித்தானே சொல்லியிருந்தாங்க. இவ்வளவு நேரம் எங்கே இருந்தாங்க?

— ஏன் இப்படி இருட்டுல உக்காந்திருக்கீங்க? லைட்டைப் போடக் கூடாதா?

— அண்ணா. வாங்கண்ணா. மழை இருட்டிடுச்சு, கவனிக்கலை.

— ஏங்க, வீடியோ முடிஞ்சுதா? பார்த்து வாங்க, தரையெல்லாம் ஈரமா இருக்கு.

— வந்துட்டியாம்மா? இன்னைக்கு சீக்கிரம் வந்துட்டே போலிருக்கே. நல்லதாப் போச்சு. மேனேஜர் மேடம் இப்போதான் போறாங்க. நானே வரச் சொல்லியிருந்தேன். வீடியோ ரூம்லதான் உக்காந்து பேசினோம்.

— நீங்களா வரச் சொன்னீங்க?

— காலையில எழுந்ததுலேருந்து தலை தெளிவா இருந்துச்சு. இப்போல்லாம் அது தினம் கிடைக்கிற பொருள் இல்லை. கிடைச்ச அன்னைக்கே வேலையை முடிச்சுடணும்.

— என்னங்க சொல்றீங்க நீங்க?

— உனக்குத் தெரியாததா? எனக்கும் தெரியும்ங்கிறதுதான் உனக்குத் தெரியாது. அந்தப் பழைய வீட்டு வாசல்ல போய் நின்னேனே, அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்தக் குழந்தைக்கு ஷூ லேஸ் கட்டிக்கிட்டே யோசிச்சேன். ஆட்டம் முடியப் போகுது, விசில் ஊதற வரைக்கும் நிக்கணும்னு. நீ பயப்படக் கூடாதுன்னு நான் காட்டிக்கலை. நீயும் காட்டிக்கலை. நல்ல ஜோடிதான் நாம.

— ஏங்க, வேணாங்க. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.

— வீட்டுக்குப் போறதுக்குள்ள விட்டுப் போயிடும்மா. இப்பவே சொல்லிடறேன். இந்தப் பதினாலு பேரு ஏன் வந்தாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நான் ஆளை மாத்தறதுல தப்பு பண்ணேன், ஒருத்தர் வந்தாரு. பேச்சுல தப்பு பண்ணேன், இன்னொருத்தர் வந்தாரு. ஃப்ரீ கிக்குக்கு நம்ம பசங்க கோலுக்கு முன்னாடி தோளோட தோளா சுவர் கட்டி நிப்பாங்க இல்ல, அது மாதிரி என்னைச் சுத்தி நிக்கிறாங்க. பந்து மூஞ்சியில பட்டா வலிக்கும்னு தெரிஞ்சே நிக்கிறாங்க. சுவருக்குப் பின்னாடி நிக்கிறவன் எவ்வளவு நாள் நிக்கிறது?

— அண்ணா, அப்படியெல்லாம் இல்லைண்ணா.

— இருங்க, முடிச்சிடறேன். பத்து பேரைக் குறைக்கணும்னு மேடம் சொன்னாங்க. வேணாம், ஒருத்தனைக் குறைச்சாப் போதும்னு சொன்னேன். என்னை எடுத்துடுங்க. நான் போயிட்டா அடுத்த சீசன்ல இத்தனை பேர் செலவு தேவைப்படாது, ஆனா ஒருத்தரையும் சீசன் நடுவுல அனுப்பக் கூடாது. வழக்கம் அப்படி இல்லையேன்னாங்க. எனக்கு எது வழக்கம்னு மறந்து போச்சு மேடம்னு சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

— ஒத்துக்கிட்டாங்களா?

— ஒத்துக்கிட்டாங்க. சனிக்கிழமை எனக்குக் கடைசி ஆட்டம். முடிஞ்சதும் நடுவுல போய் ஒரு கையை ஆட்டிட்டு நானே நடந்து வந்துடறேன். வாசல்ல நீ வண்டியோட நில்லு. அழாதேம்மா. பொத்தானெல்லாம் சரியாத்தானே போட்டிருக்கேன் இன்னைக்கு?

— சரியாப் போட்டிருக்கீங்க. நான்தான் போட்டு விட்டேன்.

— அண்ணா, அப்போ டீமை யாரு பார்க்குறது?

— அதையும் சொல்லிட்டேன். முதல்ல அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க மாஸ்டர்.

— அண்ணா.

— எங்க சின்னவன்தான் பார்க்கணும், அவனைத் தவிர வேற யாரால முடியும்? வெளியில பசங்களோட கிரவுண்டுல இருப்பான், இப்போ வந்துடுவான். அவன் வந்தா நீங்க எதையும் காட்டிக்கக் கூடாது மாஸ்டர். எனக்கு ஒண்ணுமில்லை, அண்ணன் நல்லாத்தான் இருக்கான்னு நம்பிட்டிருக்கு அந்தப் பிள்ளை. தெரிஞ்சா தாங்க மாட்டான்.